மரமும் கடலும்: செட்டிநாட்டுப் படகுத் தச்சனிடம் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

எனக்கு 68 வயது. ஊர் தேவகோட்டைக்குப் பக்கம். 15 வயதில் உளி பிடித்தேன், 20 வயதில் தோணி ஏறினேன். கல்யாண வீட்டுப் பந்தியில் பக்கத்தில் உட்காருகிறவர்கள் முதல், பழைய வீடு பார்க்க வரும் கல்லூரிப் பிள்ளைகள் வரை எல்லாரும் என்னிடம் கேட்பது ஏறக்குறைய இதே கேள்விகள்தான். "ஒருதடவை எழுதி வச்சிருங்க ஐயா" என்றான் பேரன். எழுதிவிட்டேன்.

செட்டிநாட்டில் கடலே கிடையாதே, அங்கே எப்படிப் படகுத் தச்சன்?

தேவகோட்டையிலிருந்து திருவாடானை வழியாகத் தொண்டிக்குச் சுமார் 40 கிலோமீட்டர். அந்தக் காலத்தில் ராத்திரி மாட்டுவண்டி பூட்டினால் விடிகிற நேரத்தில் மூஞ்சியில் கடல்காற்று அடிக்கும். கண்ணுக்குக் கடல் தெரியாத ஊர்தான். ஆனாலும் கானாடுகாத்தானிலோ பள்ளத்தூரிலோ ஒரு பெரிய வீட்டுக்குள் நின்று பாருங்கள். தூணும் உத்திரமும் பர்மாத் தேக்கு, தரை இத்தாலிப் பளிங்கு, சுவரில் பெல்ஜியம் கண்ணாடி. எல்லாம் கப்பலில் வந்தவை. அந்த வீட்டைக் கட்டிய பணமும் ரங்கூனிலும் கொழும்பிலும் பினாங்கிலும் சைகோனிலும் சம்பாதித்த பணம்தான். நகரத்தார் காவிரிப்பூம்பட்டினத்திலிருந்து வந்தவர்கள் என்பது அவர்கள் வழிவழியாகச் சொல்லிவரும் வரலாறு. கடலை விட்டு உள்ளே வந்து, மறுபடி கடல் தாண்டிப் போய்ச் சம்பாதித்து, அதைக் கொண்டுவந்து வறண்ட செம்மண்ணில் வீடாக நட்டார்கள். இந்த ஊரில் படகுத் தச்சன் இருப்பதை நான் ஒருநாளும் அதிசயமாக நினைத்தது கிடையாது.

உங்கள் குடும்பமே படகு செய்கிற குடும்பமா?

இல்லை. எங்க ஐயா (தாத்தா), அப்பா இரண்டு பேரும் நிலை, கதவு, தூண்போதிகை செய்தவர்கள். 1942-இல் ஜப்பான்காரன் ரங்கூனைப் பிடித்ததோடு பர்மா வருமானம் ஆட்டம் கண்டுவிட்டது. நான் பிறந்த காலத்தில் புதுசாகப் பெரிய வீடு கட்டுகிறவர்கள் குறைவு. நான் வளர வளர, இருக்கிற வீட்டைப் பிரித்து விற்கிற வேலைதான் கூடியது. காரைக்குடி முனீஸ்வரன் கோயில் தெருவில் இன்றைக்கும் அந்தக் கதவும் தூணும் விலைக்குக் கிடக்கின்றன.

எங்க ஐயா செதுக்கிய நிலை ஒன்றை எங்கப்பாவே கழற்ற வேண்டி வந்தது. நானும் கூடப் போயிருந்தேன். கஜலட்சுமிக்குப் பக்கத்தில் ஐயா எப்போதும் போடும் சின்னக் கொடிச்சுருள் ஒன்று இருந்தது. அப்பா அதைக் கையால் தடவினார், ஒன்றும் பேசாமல் கொட்டாப்புளியை எடுத்தார். கழற்றுகிற தச்சனாக என்னால் இருக்க முடியாது என்று அன்றைக்குத் தோன்றியது. தாய்மாமா தொண்டிக் கரையில் படகு பழுது பார்த்துக்கொண்டிருந்தார். அந்த மாதமே அவரிடம் போய்ச் சேர்ந்தேன்.

வீட்டுத் தச்சுக்கும் படகுத் தச்சுக்கும் என்ன வித்தியாசம்?

வாய்ச்சி, உளி, இழைப்புளி, துரப்பணம் எல்லாம் ஒன்றேதான். கணக்குதான் வேறு.

வீட்டில் மரம் அசையக்கூடாது. ஐப்பசி மழையில் கதவு உப்பி நிலையில் பிடித்தால் தச்சனைத்தான் திட்டுவார்கள். அதனால் கதவுக்கும் நிலைக்கும் நடுவே மரம் உப்புவதற்கு இடம் விடுவோம். படகில் அப்படியே தலைகீழ். பலகை தண்ணீரில் ஊறி உப்ப வேண்டும், உப்பிப் பக்கத்துப் பலகையை நெருக்க வேண்டும், அந்த நெருக்கத்தில்தான் இடுக்கு அடைபடும். ரொம்ப நாள் கரையில் கிடந்த படகை இறக்கினால் முதல் நாள் தண்ணீர் கசியும். பார்க்கிறவர்கள் பதறுவார்கள். ஒரு ராத்திரி ஊறட்டும் என்று நாங்கள் விட்டுவிடுவோம்.

வீட்டில் தூக்குநூல் உண்டு, ரசமட்டம் உண்டு, மூலைமட்டம் உண்டு. படகில் நேர்கோடு என்று சொல்ல ஏரா ஒன்றுதான் தேறும். ஏரா என்பது அடியில் ஓடும் முதுகெலும்புக் கட்டை. அதிலிருந்து அணியமும் அமரமும், அதாவது முன்பக்கமும் பின்பக்கமும், வளைந்து மேலே ஏறும். வங்குகள் விலா எலும்பு மாதிரி விரியும். ஒரு வங்கு மாதிரி அடுத்த வங்கு இருக்காது. மட்டப்பலகை வைத்துப் பார்க்க ஒன்றும் இல்லை, கண்தான் மட்டம். மாமா பத்தடி தள்ளி மணலில் குத்தவைத்து, ஒரு கண்ணை மூடிக்கொண்டு கால்மணி நேரம் பார்ப்பார். பிறகு வந்து ஓரிடத்தில் கரியால் கோடு போட்டு, "இங்க அரை விரக்கடை எடு" என்பார். எடுத்தபிறகுதான் அது தூக்கலாக இருந்தது எனக்குத் தெரியும்.

இன்னொரு வித்தியாசம், மரம் தேர்ந்தெடுப்பதில். அதைத் தனியாகச் சொல்ல வேண்டும்.

படகுக்கு என்ன மரம்?

பலகைக்குத் தேக்கு, அயனி, இலுப்பை. வங்குக்குக் கருவேலம், வேம்பு, வாகை. பாய்மரத்துக்குப் புன்னை நல்லது.

தேக்குக்கு ஏன் அவ்வளவு பேர் என்றால், அதன் எண்ணெய்ப்பசை. தண்ணீரை எளிதில் உள்ளே விடாது, உளுக்காது, உள்ளே போன இரும்பு ஆணியையும் சீக்கிரம் துருவில் கொண்டுபோய் விடாது. ஆனால் வங்குக்குத் தேக்கை வளைவாக அறுத்தால் மரத்தின் ரேகை குறுக்கே வெட்டுப்பட்டுப் போகும், அலை ஓங்கி அடித்தால் அங்கேயே பிளந்துவிடும். வளைவு மரத்திலேயே பிறந்திருக்க வேண்டும். கிளை எப்படி வளைந்ததோ ரேகையும் அப்படியே ஓட வேண்டும்.

எங்கள் பக்கத்துக் கண்மாய்க் கரைகளில் நாட்டுக் கருவேல மரங்கள் நிற்கும். பின்னாளில் பரவிய சீமைக் கருவேலத்தோடு அதைக் குழப்பிக்கொள்ளக் கூடாது. நாட்டுக் கருவேலம் கோணி வளர்ந்து, கவை விட்டு, முட்டி முடிச்சோடு நிற்கும். வீட்டுத் தச்சன் அதை ஏறிட்டும் பார்க்க மாட்டான். மாமா வங்கு அளவுக்கு ஒடித்த பனைமட்டையைக் கையில் கொடுத்து என்னை ஊருக்கு அனுப்புவார். கண்மாய் கண்மாயாக நடந்து, மட்டையைக் கிளையோடு கிளையாக வைத்துப் பார்த்து, இது அணியத்துக்கு, இது நடுவங்குக்கு என்று அடையாளம் போட்டுவிட்டு, ஏலம் எடுத்தவரிடம் விலை பேசி வருவேன். கோணல் என்று எல்லாரும் தள்ளிய மரத்தைத் தேடித் தேடி வாங்கியதுதான் என் இளமைக்காலம். இப்போதும் பேருந்தில் போகும்போது ஒரு மரம் கண்ணில் பட்டால் அதில் எத்தனை வங்கு இருக்கிறது என்றுதான் மனசு எண்ணுகிறது.

பர்மாத் தேக்கைக் கப்பலின் பின்னால் கட்டி, கடலில் மிதக்கவிட்டுக் கொண்டுவந்தார்களாமே?

செட்டிநாட்டில் வீடு பார்க்க வருகிறவர்களுக்கு எல்லாரும் சொல்லும் கதை இது. எனக்கு நம்பிக்கை இல்லை.

பச்சைத் தேக்கு தண்ணீரில் போட்டால் அமிழும். அதனால் பர்மாக் காட்டில், நிற்கிற மரத்தின் அடியைச் சுற்றிப் பட்டையையும் வெள்ளைப் பாகத்தையும் வளையமாக வெட்டி விட்டுவிடுவார்கள். மரம் நின்றபடியே 2, 3 வருஷம் காயும். பிறகுதான் வெட்டு. யானை இழுத்து ஓடையில் தள்ளும், மழைவெள்ளம் ஆற்றில் சேர்க்கும், தெப்பமாகக் கட்டி ஐராவதி வழியே ரங்கூனுக்குக் கொண்டுவருவார்கள். மிதந்தது உண்மைதான், அது ஆற்றில். வங்கக் கடலில் ஆயிரம் மைலுக்குக் கட்டையைக் கயிற்றில் இழுப்பது என்றால், கட்டை ஒன்றோடொன்று உரசிக் கயிறு அறும், காற்று ஓங்கினால் அந்தக் கட்டையே கப்பலின் பின்பக்கத்தை இடிக்கும். கடலில் ஒரு சின்னப் படகைக் கட்டி இழுத்த அனுபவம் இருப்பவர்களுக்கு இது புரியும். கப்பலின் வயிற்றுக்குள் அடுக்கித்தான் கொண்டுவந்திருப்பார்கள்.

பலகை இடுக்கில் பஞ்சு அடைக்கிறீர்களே, அது எதற்கு?

அதற்குக் கலப்பத்து என்று பெயர். பஞ்சைத் திரி மாதிரி முறுக்கி, எண்ணெயில் தோய்த்து, மழுங்கிய உளியால் இடுக்கில் தட்டித் தட்டி ஏற்ற வேண்டும். மேலே குங்கிலியத்தை எண்ணெயில் காய்ச்சிப் பூசுவோம். ரொம்ப இறுக்கி அடித்தால், பலகை உப்பும்போது இடம் போதாமல் ஆணியைப் பிடுங்கும். தளர்த்தி அடித்தால் அலை பஞ்சை உறிஞ்சி எடுத்துவிடும். சரியாக ஏறியதா என்று காதுதான் சொல்லும். பொத்துப் பொத்தென்று கேட்கிற சத்தம் திடீரென்று கட்டையில் அடித்த மாதிரி கணீரென்று மாறும். அங்கே நிறுத்த வேண்டும்.

தண்ணீருக்கு அடியில் இருக்கும் பாகத்துக்குச் சுண்ணாம்பும் எண்ணெயும் கலந்த பூச்சு. கப்பல்புழு என்று ஒன்று உண்டு. வெளியே ஊசிக்கண் அளவு ஓட்டைதான் தெரியும், உள்ளே பலகை முழுக்கத் தேன்கூடாகி இருக்கும். வெளிப்புறத்துக்கு மீனெண்ணெய். அந்த வாடை என் சட்டையை விட்டுப் போக ஒரு வாரம் ஆகும்.

வரைபடம் உண்டா?

கிடையாது. ஏராவின் நீளம் முடிவானால் மற்றது எல்லாம் அதிலிருந்து பிறக்கும். கோல், முழம், விரக்கடை, அவ்வளவுதான். மாமா ஒரு குச்சியில் வெட்டுக்காயங்கள் போட்டு வைத்திருந்தார். அந்தக் குச்சி இப்போது என்னிடம் இருக்கிறது.

செய்கிறவர் கடலில் போகத்தான் வேண்டுமா? நீங்கள் ஏன் போனீர்கள்?

தொண்டியில் நாங்கள் செய்தது பெரும்பாலும் வத்தை என்கிற பாய்ப்படகு. பாக் விரிகுடாவில் ஆழம் அநேக இடங்களில் 15 மீட்டர்கூட இருக்காது. கரையோரத்தில் சேறும் மணல்திட்டும். அதனால் அடி தட்டையாக இருக்கும். காற்றில் பாய் சாய்த்தால், எதிர்ப்பக்கம் ஒரு நீளப் பலகையை வெளியே நீட்டி, ஆள் அதன்மேல் போய் உட்கார்ந்து சமன் செய்வார். அந்தப் பலகையின் நுனியில் ஒருநாள் என்னை உட்கார வைத்தார்கள். கீழே கடல் ஓடுகிறது, நான் அடித்த ஆணி ஒவ்வொன்றும் முனகுவது தொடை வழியாக ஏறுகிறது. இறங்கியதும் மாமாவிடம், "நான் கடலுக்குப் போறேன்" என்றேன். அவர் தடுக்கவில்லை.

1976-இல் தூத்துக்குடிக்குப் போனேன். அங்கே தோணி என்பது கட்டுமரம், வள்ளம் மாதிரி சின்ன வகை இல்லை, நூற்றுக்கணக்கான டன் ஏற்றும் பாய்க்கப்பல். ஒவ்வொரு தோணியிலும் மரவேலை தெரிந்த ஒருவர் இருப்பது நல்லது என்று தண்டயல்கள் நினைப்பார்கள். தண்டயல் என்றால் தோணியின் தலைவர். கயிறு இழுக்கிற ஆளாகவும் தச்சனாகவும் சேர்ந்தேன். கொழும்புக்கு ஏறக்குறைய 150 கடல் மைல். மாலத்தீவின் மாலேக்கு 400-க்குக் குறையாது. போகும்போது வெங்காயம், மிளகாய், கட்டுமானச் சாமான். தென்மேற்குப் பருவக்காற்று பலமாக அடிக்கும் மாதங்களில் தோணிகள் கரையில் கிடக்கும். எனக்கு அப்போதுதான் முழுநேரத் தச்சுவேலை.

கடலில் பயந்தது உண்டா?

ஒரு ராத்திரி. இன்றைக்கும் அதை நினைத்தால் கை சில்லிடும்.

அந்த வருஷம் கரையில் கிடந்தபோது, அணியத்துப் பக்கம் இரண்டு பலகை மாற்றியது நான். வெறுந்தோணியாக மிதக்கும்போது தண்ணீர் மட்டத்துக்கு மேலேயும், சரக்கு ஏற்றினால் தண்ணீரைத் தொட்டும் இருக்கும் பலகைகள் அவை. அயனி மரம், வெட்டி நாலு மாதம்கூட ஆகாதது. தூக்கும்போதே கனத்தில் தெரிந்தது, ஈரம் போகவில்லை என்று. வேறு மரம் வர ஒரு வாரம் ஆகும் என்றார்கள். அந்த ஒரு வாரத்தை நான் கேட்டு வாங்கியிருக்கலாம். கேட்கவில்லை. வைத்து அடித்துவிட்டேன்.

தோணி துறைமுகத்தில் வெயிலில் நாள் கணக்கில் நின்றது. பலகை காய்ந்து சுருங்கியது. இடுக்கில் நான் ஏற்றிய பஞ்சு பிடிப்பு விட்டது. வெளியே பூச்சு மூடியிருந்ததால் ஒன்றும் தெரியவில்லை. தை மாதம், வாடைக்காற்று நன்றாக அடிக்கிறது, கொழும்புக்குச் சரக்கோடு கிளம்பினோம். காற்றுக்குத் தோணி வலப்பக்கம் சாய்ந்து ஓடியது. நான் மாற்றிய பலகை முழுக்கத் தண்ணீருக்குள் போனது வலப்பக்கத்தில்தான்.

நடுராத்திரியில் எழுப்பினார்கள். விளக்கை எடுத்துக்கொண்டு கீழே இறங்கினால் மூட்டைகளுக்கு இடையில் முழங்கால் தண்ணீர். எந்த இடம் என்று தேட வேண்டிய அவசியமே எனக்கு இருக்கவில்லை. நேரே போய்க் கையை வைத்தேன். வாய்க்கால் மடை திறந்த மாதிரி விரலுக்கு இடையில் தண்ணீர் வந்தது.

தண்டயலிடம் போய் மறைக்காமல் சொன்னேன், "என் பலகைதான்." அவர் ஒரு வார்த்தை திட்டவில்லை. பாயை மறுபுறம் மாற்றச் சொன்னார். வந்த வழியே திரும்பிப் போனாலும் சரி, அந்தப் பக்கம் தண்ணீரை விட்டு மேலே எழும்ப வேண்டும். தோணி இடப்பக்கம் சாய்ந்தது. மற்றவர்கள் தண்ணீரை இறைக்க, இடுப்பில் கயிறு கட்டி என்னை வெளியே இறக்கினார்கள். ஒரு கையில் உளி, இன்னொரு கையில் கொட்டாப்புளி, பல்லில் பஞ்சுத்திரி. அலை வரும்போது மூச்சைப் பிடித்துக்கொள்வது, அலை போனதும் நாலு தட்டு. விடியும்வரை அதுதான். கணீரென்ற சத்தம் கேட்டபோது எனக்கு அழுகை வந்தது.

காலையில் தண்டயல் எனக்குக் கருப்பட்டிக் காப்பி கொடுத்தார். "ஆசாரி, ராத்திரி பன்னெண்டு பேரும் நீ செஞ்ச வேலைக்குள்ளதாம்ல படுத்துக் கிடந்தோம்" என்றார். வேறு எதுவும் சொல்லவில்லை, அன்றைக்கும் பிறகும்.

அதற்குப் பிறகு நான் வாங்கும் ஒவ்வொரு பலகையிலும் வெட்டிய மாதத்தைச் சுண்ணக்கட்டியால் எழுதி வைக்கிறேன். கடலில் போகத்தான் வேண்டுமா என்ற மேலேயுள்ள கேள்விக்கும் இதுதான் பதில்.

திசை எப்படித் தெரிந்தது?

திசைகாட்டி உண்டு. ஆனால் சுக்கான் பிடிக்கிறவர் ராத்திரியில் அதையே உற்றுப் பார்த்தால் கண் அசந்துவிடும், வானத்தில் ஒரு விண்மீனைக் குறியாகப் பிடித்துக்கொள்வார். துருவ மீனை எனக்குக் காட்டிக் கொடுத்தது சமையல்கார அண்ணன். தூத்துக்குடியில் அது அடிவானத்துக்கு மேலே 9 பாகைகூட இருக்காது. கையை நீட்டி மடக்கிய முஷ்டியை வைத்தால் அதற்குள் அடங்கிவிடும். தெற்கே போகப் போக இறங்கும். மாலேயில் 4 பாகை, அடிவான மூட்டத்தில் அநேகமாக மறைந்தே கிடக்கும். ஊர் திரும்பும்போது அது கொஞ்சம் கொஞ்சமாக ஏறுவதைப் பார்க்கிற சந்தோஷம் தனி.

சாப்பாடு?

சோறு, கருவாட்டுக் குழம்பு, துவையல். வீட்டிலிருந்து மாவுருண்டையும் சீப்புச்சீடையும் ஒரு டின் நிறைய வரும். மூன்றாம் நாள் டின் காலி, பன்னிரண்டு பேர் அல்லவா.

உங்கள் மனைவி இதற்கு எப்படிச் சம்மதித்தார்?

இதை அவளிடமே கேட்டேன். "சம்மதம் யாரு கேட்டா? நீங்க போனீங்க, நான் காத்து அடிக்கிற பக்கத்தைப் பாத்துக்கிட்டு இருந்தேன்" என்றாள். இங்கே வாடை பலமாக வீசினால் அன்றைக்கு அவளுக்குச் சோறு இறங்காதாம். இது எனக்குத் தெரிந்தது கல்யாணமாகி முப்பது வருஷம் கழித்துத்தான்.

படகுக்குச் சாங்கியம் உண்டா?

வீட்டுக்கு நிலை வைப்பது போலத்தான் படகுக்கு ஏரா வைப்பது. நல்ல நேரம் பார்த்து, மஞ்சள் குங்குமம் வைத்து, காசு போட்டு, தச்சனுக்கு வேட்டி துண்டு கொடுப்பார்கள். எங்க ஐயா நிலை வைத்த அன்றைக்குக் கட்டிய வேட்டியும், நான் முதல் ஏரா வைத்த அன்றைக்கு வாங்கிய வேட்டியும் எங்கள் வீட்டில் ஒரே பெட்டியில் இருக்கின்றன.

இப்போது மரப்படகுக்கு வேலை இருக்கிறதா?

குறைந்துவிட்டது. 1980-களில் தோணிகளில் இன்ஜின் வந்தது, பாய் சுருண்டது. 1983-க்குப் பிறகு இலங்கைக் கலவரமும் போரும் அந்தப் பக்கத்துப் போக்குவரத்தைக் கெடுத்தன. 2004 சுனாமிக்குப் பிறகு நிவாரணமாக ஆயிரக்கணக்கில் ஃபைபர் படகுகள் கொடுத்தார்கள். மீனவருக்கு அது வசதி, கனம் குறைவு, கலப்பத்து வேண்டாம், புழு அரிக்காது. அதைக் குறை சொல்ல எனக்கு மனசு வராது. அந்த ஃபைபர் படகுக்கு அச்சு செய்ய முதலில் மரத்தில் ஒரு படகு வேண்டும். சில வருஷம் எனக்கு அந்த வேலைதான் சோறு போட்டது. ஆனால் உடைந்த ஃபைபரை என்ன செய்வது? கரையில் கிடக்கிறது, மக்காது, எரித்தால் புகை நெஞ்சை அடைக்கும். பழைய வத்தையைப் பிரித்தால் பாதிப் பலகை இன்னொரு வத்தைக்குப் போகும், மீதி அடுப்புக்குப் போகும்.

கற்றுக்கொள்ள வரலாமா? இப்போது என்ன செய்துகொண்டிருக்கிறீர்கள்?

வரலாம். இப்போது வீட்டுக்குப் பின்னால் 18 அடியில் ஒரு சின்ன வத்தை ஏறிக்கொண்டிருக்கிறது. பலகை, பிரித்த வீடு ஒன்றின் உத்திரம். நூறு வருஷம் கூரையைத் தாங்கிய பர்மாத் தேக்கு, இழைப்புளி பட்டதும் இன்னும் தோல் வாசனை அடிக்கிறது. வங்கு கண்மாய்க் கருவேலம். இரண்டு பையன்களும் ஒரு பொண்ணும் வருகிறார்கள். முதல் ஆறு மாதம் பஞ்சு முறுக்குவதும் உளி தீட்டுவதும்தான், அதைத் தாண்டியவர்களுக்கு வாய்ச்சி கொடுப்பேன். செருப்பு போட்டுக்கொண்டு மரத்தின்மேல் ஏறக்கூடாது. மத்தியானச் சாப்பாடு எங்கள் வீட்டில்.

இடப்பக்கம் மேல் இரண்டு பலகை இன்னும் வைக்கவில்லை. மரம் தயாராகத்தான் கிடக்கிறது. அயனி, வெட்டியது போன மாசி என்று சுண்ணக்கட்டியில் எழுதியிருக்கிறது. இந்த மாசி வரட்டும்.